முதல் தேர்வுத்தாள் கைக்கு வரும் நாள்

பொறியியல் முதலாண்டு வகுப்புகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அவ்வகுப்புகளின் கால அட்டவணையையும் தேர்வுகளையும் வகுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டில் அடியெடுத்து வைத்திருக்கும் மாணவி. கடந்த இரண்டு ஆண்டுகளாக, வாரத்தில் மூன்று மாலைகள், விடுதியின் படிப்பறையில் முதலாண்டு மாணவிகளோடு உட்கார்ந்து அவர்களுடைய கணக்குகளைப் பார்த்து வருகிறேன். யாரும் கேட்டுக்கொண்டு தொடங்கிய வேலை இல்லை இது. என் முதலாண்டில் அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் நான் பட்ட பாட்டில் பாதியாவது குறைந்திருக்கும் என்று தோன்றியதால் தொடங்கினேன். அந்த மேசையில் ஆண்டுதோறும் நான் பார்க்கும் ஒன்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மடலை எழுதுகிறேன்.

வகுப்புகள் தொடங்கி ஆறாவது அல்லது ஏழாவது வாரத்தில் முதல் தேர்வின் தாள்கள் திருத்தப்பட்டு வருகின்றன. அதற்கு முந்தைய நாள் வரை மாணவிகள் என்னிடம் கேட்பவையெல்லாம் பாடம் சார்ந்த கேள்விகள்: இந்தத் தொகையீட்டில் எதைப் பிரதியிடுவது, இந்தச் சட்டகத்தில் எந்த மூட்டிலிருந்து தொடங்குவது, இந்த நிரல் ஏன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. தாள் கைக்கு வந்த மாலையில் கேள்வி மாறிவிடுகிறது. "அக்கா, எனக்கு இந்தப் படிப்பு சரிப்பட்டு வருமா?" என்று கேட்கிறார்கள். பள்ளியில் கணக்கில் யாருக்கும் பின்தங்காதவர்கள்தாம் அப்படிக் கேட்கிறார்கள். வாய்விட்டுக் கேட்பவர்களிடம் பேசலாம், உட்காரவைத்துத் தாளைப் புரட்டலாம். எதுவும் கேட்காமல், அன்றோடு படிப்பறைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

என்னுடைய தாளிலிருந்தே தொடங்குகிறேன். பொறியியல் விசையியலில், மாணவர்கள் மெக்கானிக்ஸ் என்று சொல்லும் பாடத்தில், முதல் தேர்வில் 50க்கு 14 வாங்கினேன். தாள்கள் கட்டாக முன்மேசையில் வைக்கப்பட்டன. ஒவ்வொருவராகப் போய்ப் பெயர் பார்த்து எடுத்துக்கொண்டு திரும்பியபோது பலகையில் அடுத்த அத்தியாயத்தின் தலைப்பு எழுதப்பட்டிருந்தது. நான் தாளை நான்காக மடித்து, அறைக்கு வந்ததும் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். மூன்றாம் ஆண்டில், ஒரு தங்கைக்குப் பழைய வினா ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தபோதுதான் அதைப் பிரித்தேன். ஐந்து கணக்குகளில் மூன்றில் நான் செய்திருந்தது ஒரே தவறு.

அவற்றில் ஒரு கணக்கை மட்டும் இங்கே சொல்கிறேன். மட்டமான தரையில் 10 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி ஒன்று இருக்கிறது. கிடைமட்டத்துக்கு 30 பாகை மேல்நோக்கிச் சாய்ந்த கயிற்றால் அதை 40 நியூட்டன் விசையுடன் இழுக்கிறார்கள். தரைக்கும் பெட்டிக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.3. பெட்டியின் முடுக்கம் என்ன? தரை பெட்டியைத் தாங்கும் செங்குத்து விசையைப் பெட்டியின் எடைக்குச் சமமாக, 98 நியூட்டன் என்று நான் எழுதியிருந்தேன். கயிறு பெட்டியை முன்னால் இழுப்பதோடு சற்று மேலேயும் தூக்குகிறது. அந்தத் தூக்கல் 20 நியூட்டன்; ஆகவே தரை தாங்க வேண்டியது 78 நியூட்டன்தான். அதனால் உராய்வு 29.4 இலிருந்து 23.4 நியூட்டனாகக் குறைகிறது. முன்னோக்கிய இழுவை 34.6 நியூட்டன் என்பதால், முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.12 மீட்டர் என்று வர வேண்டும். என் விடை 0.52. முதல் வரியில் விட்ட ஒரு சிறிய பிழை, கடைசி வரிக்குள் விடையைச் சரிபாதிக்கும் கீழே கொண்டுபோய்விட்டது. மற்ற வரிகள் அத்தனையும் சரி.

அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. பள்ளியில் நான் போட்டுப் பழகிய கணக்குகளில் பெட்டிகள் பெரும்பாலும் தரைக்கு இணையாகவே இழுக்கப்பட்டன. அங்கெல்லாம் எடையும் செங்குத்து விசையும் சமமாக இருந்ததால், அவை எப்போதும் சமம் என்று என் கை பழகிவிட்டது. பெட்டியைத் தனியே வரைந்து, அதைத் தொடும் ஒவ்வொரு பொருளும் அதன்மேல் எந்தப் பக்கம் எவ்வளவு விசையைச் செலுத்துகிறது என்று அம்புக்குறி போட்டுப் பார்க்கும் பழக்கம், அதாவது தனித்த பொருளின் விசைப்படம் வரையும் பழக்கம், எனக்கு இருக்கவில்லை. சூத்திரம் தெரிந்தால் படம் எதற்கு என்று நினைத்திருந்தேன். அன்று வகுப்பில் யாராவது ஒரு நிமிடம் அந்த 98ஐச் சுட்டி, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தால் மூன்று கணக்குகளும் எனக்கு விளங்கியிருக்கும். யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை. எனக்கு இயற்பியல் வராது என்ற முடிவுக்கு வந்தேன். அந்த முடிவோடுதான் முதலாண்டின் மீதி மாதங்களைக் கழித்தேன்.

முதலாண்டில் தடுமாறும் மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் திறமை குறைவில்லை. இதுவரை அவர்களுக்குக் கைகொடுத்த படிப்பு முறை இங்கே கைகொடுக்காமல் போகிறது. அது எந்தச் சத்தமும் இல்லாமல் நடப்பதால், தவறு முறையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. தவறு தம்மிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் இடத்தில் ஆசிரியர்களாகிய நீங்கள் இருக்கிறீர்கள். அதை ஏழாவது வாரத்தில் மதிப்பெண்ணாகச் சொல்வதற்கு முன், மூன்றாவது வாரத்திலேயே மதிப்பெண் இல்லாமல் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பள்ளியில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அதைப் போலவே பத்துக் கணக்குகள் போடுவோம். தேர்வில் அவற்றின் உடன்பிறப்புகள் வரும். பல்கலைக்கழகத்தின் பயிற்சித் தாளில் வரும் கணக்கு விரிவுரையில் பார்த்த எடுத்துக்காட்டைப் போல இருப்பதில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. இதுவரை யாரும் வடிவமைக்காத ஒன்றை வடிவமைக்கப் போகிறவர்களுக்கு, பார்த்ததையே திரும்பப் போடும் பயிற்சி போதாது. ஆனால் ஆட்டத்தின் விதி மாறிவிட்டது என்று முதல் நாளில் யாரும் எங்களிடம் சொல்வதில்லை. பயிற்சித் தாளைத் திறந்து அரைமணி நேரம் எதுவும் ஓடாமல் உட்கார்ந்திருப்பது இந்தப் படிப்பில் அன்றாட நிகழ்வு என்பதே எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. அதுவரை அந்த அரைமணி நேரத்தை என் தகுதியின்மைக்குச் சான்றாகவே எடுத்துக்கொண்டேன்.

படிக்கும் முறை என்று நான் சொல்வது என்ன என்பதற்கு ஓர் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு சாரார் உரைநடைப் பகுதி ஒன்றை இருமுறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடங்கள் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவில் இருந்தது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. தேர்வுக்கு முந்தைய இரவு குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு எல்லாம் தெரியும் என்ற நிறைவோடு உறங்கப் போகும் மாணவி, அந்த ஐந்து நிமிட நினைவை நம்பி ஏமாறுகிறாள். தீர்க்கப்பட்ட கணக்கைப் பார்க்கும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது. அதை மூடிவைத்துவிட்டு முதல் வரியை எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. படிப்பறையில் நான் முதலில் செய்யும் வேலை, அந்தக் குறிப்பேட்டை வாங்கி மூடிவைப்பதுதான். எளிய காரியமாகத் தோன்றும். ஆனால் இதை அவர்களுக்கு வகுப்பில் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர் தனியாக ஒரு படிப்புத்திறன் பயிற்சியாளராக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. விசையியல் ஆசிரியர் தம் வகுப்பிலேயே, ஒரு விசையியல் கணக்கை வைத்துக்கொண்டு சொன்னால்தான் அது மனத்தில் தைக்கும்.

நிரலாக்க ஆய்வகத்தில் நான் கவனித்த ஒன்று எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. விசையியல் தாளைப் பார்த்துக் கண்கலங்கும் அதே மாணவி, ஆய்வகத்தில் ஒரு மணி நேரத்தில் இருபது பிழைகளைச் சந்திக்கிறாள். முகம் சுளிப்பதோடு சரி. ஒரு பிழைக்காகவும் அவள் தன்னைச் சந்தேகித்துக்கொள்வதில்லை. நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை மறுக்கும்போது, எந்த வரியில் சிக்கல் என்று எண் போட்டுச் சொல்லிவிடுகிறது. சில நொடிகளிலேயே சொல்லிவிடுகிறது. திருத்தி மீண்டும் ஓடவிட எத்தனை முறை வேண்டுமானாலும் இடம் தருகிறது. பிழைகளை எண்ணி யாரிடமும் காட்டிக்கொடுப்பதும் இல்லை. விசையியல் தாள் மூன்று வாரம் கழித்து வருகிறது, இடம் சொல்வதில்லை, திருத்தி எழுத வாய்ப்புத் தருவதில்லை, மொத்த மதிப்பெண்ணோடு நிரந்தரமாகிவிடுகிறது. இரண்டு பாடங்களிலும் பிழை செய்பவள் ஒருத்திதான். பிழை அவளிடம் திரும்பி வரும் விதம்தான் வேறு.

உங்கள் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வகுப்பில் நூறு பேருக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு தாளிலும் வரிவரியாகக் குறிப்பு எழுத எந்த ஆசிரியராலும் முடியாது. அதை நான் கேட்கவும் இல்லை. மூன்றாவது வாரத்தில், இருபது நிமிடங்களில் முடியக்கூடிய இரண்டே கணக்குகள் கொண்ட ஒரு சிறு தேர்வு. அதற்கு மதிப்பெண் கிடையாது என்ற உறுதி. அடுத்த வகுப்பில் அரைமணி நேரம். தாள்களைப் புரட்டும்போது அடிக்கடி கண்ணில் படும் மூன்று பிழைகளை மட்டும் குறித்துவந்து, பலகையில் அந்தப் பிழையோடு சேர்த்தே கணக்கை எழுதி, "இந்த வரியில் என்ன கோளாறு?" என்று வகுப்பிடம் கேளுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து, அவரவர் பிழையை அவரவரே வட்டமிட்டு, பக்கத்திலேயே சரியாக எழுதச் சொல்லுங்கள். அந்த அரைமணி நேரத்தால் ஓர் அத்தியாயம் பின்தங்கினாலும், வகுப்பில் பாதிப் பேர் புரியாமலேயே கடந்துபோகும் இரண்டு அத்தியாயங்கள் மிச்சமாகும்.

இன்னொரு தடை, எங்களுக்குப் புரிந்துவிட்டது என்ற தோற்றம் உங்களுக்கும் எங்களுக்கும் ஒருசேர ஏற்பட்டுவிடுவது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், 1990ஆம் ஆண்டு வாக்கில் தம் மாணவர்களிடம் விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் எளிய வினாத்தாளைக் கொடுத்தார். நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவர் அவரிடம் கேட்டார். கடினமான கணக்குகளைப் போடத் தெரிந்த அந்த வகுப்பின் பலருக்கு அடிப்படைக் கருத்து பிடிபடவில்லை என்று முடிவுகள் காட்டின. 1991 முதல் அவர் விரிவுரையை நடுநடுவே நிறுத்தி, ஒரு வினாவைப் போட்டு, முதலில் தனித்தனியாகவும் பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடியும் விடை சொல்லவைத்தார். அந்த மாணவரின் கேள்வியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்கும் துணிவு எனக்கு இருந்திருந்தால், செங்குத்து விசை முதல் வாரத்திலேயே எனக்கு விளங்கியிருக்கும்.

மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்தும் வகுப்புகள் பற்றி இப்போது தனிமனித அனுபவங்களைத் தாண்டிய சான்றும் இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியான பகுப்பாய்வில், விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வியடைந்தவர்கள் சராசரியாக 33.8 விழுக்காடு என்றும், மாணவர்கள் வகுப்பிலேயே கணக்குப் போட்டும் விவாதித்தும் கற்ற இடங்களில் 21.8 விழுக்காடு என்றும் தெரியவந்தது. நூறு பேர் வகுப்பில் பன்னிரண்டு பேர் என்பது இந்த வேறுபாடு. என் படிப்பறை மேசையைச் சுற்றி ஒரே நேரத்தில் உட்காரக்கூடியவர்களும் பன்னிரண்டு பேர்தான். ஆகவே அந்த எண் எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

பொறியியல் வரைபடப் பாடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் முதலாண்டில் ஒருவரை ஒரே மாதத்தில் உடைத்துவிடக்கூடிய பாடம் அதுதான். முப்பரிமாணப் பொருளை முன் தோற்றம், மேல் தோற்றம் என்று தட்டையான தாளில் வரையும் இந்தக் கலையைக் காஸ்பார் மோன்ழ் 1760களில் பிரான்சின் மெசியேர் இராணுவப் பொறியியல் பள்ளியில் கோட்டை வடிவமைப்புக்காக உருவாக்கினார். பல ஆண்டுகள் அது இராணுவ இரகசியமாகக் காக்கப்பட்டது. 1795இல்தான் அவர் அதைப் பாரிசில் வெளிப்படையாகக் கற்பித்தார். அத்தனை மதிப்புள்ள அறிவை, கோடுகளின் தடிமனையும் எழுத்துகளின் உயரத்தையும் பற்றிய விதிகளிலிருந்து தொடங்கிப் படிக்கிறோம். பொருளைக் கண்ணால் காண்பது எப்படி என்பது நடுவில் எங்கோ நழுவிப் போய்விடுகிறது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, சாய்தளத்தால் வெட்டப்பட்ட கூம்பின் படத்தோடு வந்தாள். அடிவட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, உச்சிக்குப் பன்னிரண்டு கோடுகள் இழுத்து, வெட்டுப்புள்ளிகளை ஒவ்வொன்றாக மேல் தோற்றத்துக்கு இறக்கும் முறை அவளுக்கு மனப்பாடம். புள்ளிகளை இணைத்தபோது ஒரு புள்ளி மட்டும் வளைவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அது தவறு என்றே அவளுக்குப் படவில்லை, ஏனென்றால் என்ன வடிவம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. களிமண்ணில் ஒரு கூம்பைப் பிடித்து, நூலை இரு கைகளில் இறுக்கிப் பிடித்துச் சாய்வாக அறுத்து, மேல் துண்டை எடுத்துவிட்டு அவள் கையில் கொடுத்தேன். வெட்டுமுகத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலிருந்து பார்த்தாள். பிறகு எதுவும் பேசாமல் அழிப்பானை எடுத்து அந்தப் புள்ளியை அழித்தாள். அதோடு விடவில்லை; இன்னொரு கூம்பு பிடித்து, அதன் பக்கச் சாய்வுக்கு இணையாக அறுத்து, இம்முறை நீள்வட்டம் மூடாமல் பரவளையமாகத் திறந்துகொண்டதைத் தானே கண்டாள். எட்டு நிமிடம் ஆகியிருக்கலாம்.

வெளியில் உள்ளதை மனத்தில் சுழற்றிப் பார்க்கும் இந்தத் திறன் பிறவியிலேயே அமைந்துவிடுவது என்ற நம்பிக்கை எங்களிடையே வலுவாக இருக்கிறது. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஷெரில் சார்பி, தாம் மாணவியாக இருந்தபோது மற்றப் பாடங்களில் சிறந்தும் வரைபடத்தில் திணறியவர். 1993இல், இத்திறனில் குறைந்த மதிப்பெண் பெற்ற முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு சிறு பாடத்தை அவர் தொடங்கினார்: கட்டைகளைக் கையாண்டு பார்ப்பது, வெறுங்கையால் வரைவது, சுழற்றி வரைவது. அதைப் படித்தவர்களின் திறன் உயர்ந்தது. பின்னர் வந்த வரைபடப் பாடங்களிலும் அவர்கள் முன்னேறினார்கள். பொறியியலைக் கைவிடாமல் தொடர்ந்தவர்கள் கூடினார்கள், குறிப்பாகப் பெண்கள். வரைபட வகுப்பின் முதல் இரண்டு வாரங்களில் மூலைமட்டங்களையும் டிராஃப்டர் என்னும் வரைகருவியையும் ஓரமாக வைத்துவிட்டு, மாணவர் கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். பேழைகளில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும் மர மாதிரிகளை வெளியே எடுத்தாலே போதும்.

கணித ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று. அணிகளின் ஐகென் மதிப்புகள் என்னும் சிறப்பு எண்களை நான் முதலாண்டில் பக்கம் பக்கமாகக் கணக்கிட்டேன். ஓர் எந்திரத்தின் இயல்பதிர்வெண்களை, அதாவது அது தன்னியல்பாக அதிரும் வேகங்களை, தருபவை அவைதாம் என்று மூன்றாம் ஆண்டில் அதிர்வியல் வகுப்பில் தெரிந்தபோது மகிழ்ச்சியைவிட வருத்தமே மேலோங்கியது. முழு விளக்கம் தேவையில்லை. இது பின்னால் எங்கே வரும் என்று ஒரு வாக்கியம் சொன்னால், களைத்துப்போன மாணவரும் நிமிர்ந்து உட்காருவார்.

தனிமை இன்னும் ஆழமான சிக்கல். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் நுண்கணித வகுப்பில் தோல்வியடையும் மாணவர்களையும் நன்றாகத் தேறும் மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தனியே போட்டுப் பார்த்தபின் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டார்கள், எல்லாருக்கும் ஒரே இடத்தில் சிக்கினால் கணக்குதான் கடினம் என்று தெரிந்துகொண்டார்கள். டிரைஸ்மன் ஒரு பயிலரங்கைத் தொடங்கினார். அங்கே அவர் வைத்தது எளிமைப்படுத்திய பாடம் அன்று; வகுப்பில் கொடுத்ததைவிடக் கடினமான கணக்குகள், குழுவாக அமர்ந்து போடுவதற்கு. தோல்விகள் பெருமளவு குறைந்தன. பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்று பெயர் வைத்திருந்தால் யாரும் தலைநிமிர்ந்து அங்கே போயிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பயிற்சி வேளைகளில் ஆசிரியர் பலகையில் தீர்வை எழுத, நாங்கள் பார்த்து எழுதிக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டு, நால்வர் நால்வராக உட்காரவைத்து எங்களையே திணறவிடுங்கள். நீங்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தால் போதும்.

தனிமை என்பது பக்கத்தில் ஆள் இல்லாததால் மட்டும் வருவதில்லை. நூறு பேர் நடுவில் தனக்கு மட்டுமே புரியவில்லை என்று நினைப்பதும் தனிமைதான். வால்ட்டன், கோஹென் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்கள் சுமார் ஒரு மணி நேரம் மூத்த மாணவர்களின் அனுபவக் குறிப்புகளைப் படித்தார்கள். இந்த இடம் நமக்கானதுதானா என்ற ஐயம் தொடக்கத்தில் பலருக்கும் வருகிறது, காலப்போக்கில் போய்விடுகிறது என்பதே அவற்றின் சாரம். அந்த ஒரு மணி நேரத்தின் பயன், கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்களில் அடுத்த மூன்று ஆண்டுகள் வரை தெரிந்தது. உங்களில் பலரும் முதலாண்டில் எங்கோ தடுமாறியிருப்பீர்கள். அதை ஒருமுறை வகுப்பில் சொல்லுங்கள். எந்தக் கணக்கில், எப்படி, பிறகு என்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். பொதுவான ஆறுதலைவிட அந்த விவரம்தான் நிற்கும்.

துறைத் தலைவர்களிடம் வேண்டுவது கால அட்டவணை பற்றியது. கணிதம், இயற்பியல், விசையியல், நிரலாக்கம் ஆகிய நான்கின் தேர்வும் ஒரே வாரத்தில் குவியும்போது, ஒவ்வொரு துறையும் தன் பாடத்துக்கு நியாயமான நாளையே தேர்ந்திருக்கிறது. அந்த நான்கு நியாயங்களும் ஒரே மாணவியின் தலையில் இறங்குகின்றன. கூடவே ஆய்வக ஏடு. கற்றது நினைவில் படிவதற்கு உறக்கம் வேண்டும் என்று தெரிந்தும், உறக்கத்தைக் குறைத்தால் தவிர முடிக்க முடியாத வாரங்களை நாமே உருவாக்கி வைத்திருக்கிறோம். நான்கு துறைகளும் ஒரே நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் இது தீரும்.

முதலாண்டு ஒரு சல்லடைதான், தாங்காதவர்கள் இப்போதே விலகுவது நல்லது, அரைகுறைப் பொறியாளரால் உயிர்கள் போகும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கடைசிக் கவலை நியாயமானது. தரத்தைக் குறைக்கும்படி இந்த மடலில் நான் எங்கும் கேட்கவில்லை. 1999இல் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக்கலம், செவ்வாயைச் சுற்றிவரத் தொடங்க வேண்டிய நேரத்தில் அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு விசையில் தந்தது. அதைப் பெற்ற மென்பொருள் நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. வேறுபாடு ஏறக்குறைய 4.45 மடங்கு. அந்தப் பணியில் இருந்தவர்கள் எந்தச் சல்லடையிலும் தங்கியிருக்கக்கூடிய தேர்ந்த வல்லுநர்கள். அவர்களிடம் தப்பியது சரிபார்க்கும் பழக்கம். ஓர் எண்ணைக் கண்டதும் இது எங்கிருந்து வந்தது, இதன் அலகு என்ன, இந்த அளவு நம்பத்தக்கதா என்று கேட்கும் பழக்கம் முதலாண்டில்தான் ஊன்றப்பட வேண்டும். தன் பிழையைத் திறந்து பார்க்கவே அஞ்சி நான்காக மடித்து வைக்கும் மாணவியிடம் அது வளராது. நான் அப்படி வைத்த ஆள்தான். ஆகவே உறுதியாகச் சொல்கிறேன்.

புதிய மாணவர்கள் இன்னும் சில வாரங்களில் வருகிறார்கள். என்னுடைய அந்த 14 மதிப்பெண் தாளின் மூன்று பக்கங்களை நகலெடுத்து, தவறிய வரிகளை வட்டமிட்டு, என் பெயரோடு படிப்பறைச் சுவரில் ஒட்டப் போகிறேன். மூன்றாவது வாரத்தில் மதிப்பெண் இல்லாத அந்தச் சிறு தேர்வுக்கு உங்களால் ஒரு பாடவேளையை ஒதுக்க முடிந்தால், தாள்களைப் புரட்டி அடிக்கடி வரும் பிழைகளைக் குறித்துத் தர நானும், என்னோடு படிப்பறையில் உதவும் நால்வரும் அணியமாக இருக்கிறோம். எந்த நாள், எந்த அறை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

பணிவுடன்,
இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவி